டேக்கின் ஒன்றரைப் பக்கம்

அந்த ஆங்கில-தமிழ் அகராதியில் 'டெய்லர்' என்ற சொல்லுக்கு ஒரே வரிதான் இடம். பக்கத்து வீட்டு 'டேக்' (take) என்ற சொல்லுக்கோ ஒன்றரைப் பக்கம்.

"எடுக்கவும் நான், கொண்டுபோகவும் நான், மாத்திரை முழுங்கவும் நான்! உனக்குத் தையலை விட்டா வேற என்னடா தெரியும்?" என்று டேக் நாள் தவறாமல் பீற்றிக்கொள்ளும். டெய்லர் கூனிக் குறுகிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காகிதம் தின்னும் பூச்சி ஒன்று குடும்பத்தோடு வந்து சேர்ந்தது. "இங்க பெரிய இடம் யாருதுங்க? பந்தியை அங்கேயே போட்டுடலாம்."

டெய்லர் வாயைத் திறக்கும் முன்னே டேக் பதறியது. "ஐயோ, அதெல்லாம் 'டேக் ஆஃப்', 'டேக் ஓவர்'னு என் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்த ஆஃப், ஓவரோட சொத்துங்க! எனக்கும் ஒரே வரிதான். வேணும்னா நம்ம டெய்லர் அண்ணனைக் கேளுங்க, நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு!"