கழன்ற கை

லாரி ஓட்டும் தங்கமாரி பிரஷருக்கு வெகுநாளாக மாத்திரை சாப்பிட்டுவந்தார். கால் பெருவிரல் வீங்கியபோது இன்னொரு டாக்டர் யூரிக் ஆசிட் மாத்திரை எழுதினார். மூன்றாம் வாரம் காய்ச்சலடித்து உடம்பெல்லாம் சிவந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் மனைவி பேச்சித்தாயிடம் இரண்டு மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார்.

“இந்தப் புது மாத்திரை சிலருக்கு ஒத்துக்காதும்மா. பழசும் கூடச் சேர்ந்தா ஆபத்து ஜாஸ்தி. ரெண்டையும் நிறுத்திட்டோம். இனி அவர் உடம்புதான் சொல்லணும்.”

பேச்சித்தாய் பத்து நாளும் அந்த உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கியது. பதினோராம் நாள் காலை கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை நர்ஸ் பிரித்தபோது, வலது கையின் தோல் விரல்களோடு முழுசாக, கையுறைபோலக் கழன்று வந்தது. பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயப்படாதீங்கக்கா, உள்ள பாருங்க,” என்றாள் நர்ஸ்.

உள்ளே இன்னொரு கை இருந்தது. பிறந்த பிள்ளையின் கைபோலச் சிவந்து, ஈரமாக. அதிலும் ரேகைகள் ஓடின.

“வலிக்குதா?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

“இல்ல புள்ள. காத்து படுது,” என்றார் தங்கமாரி. கண்கள் விரிந்திருந்தன. “காத்து இப்படியா இருக்கும்?”

தொடத் துணியாமல், பேச்சித்தாய் குனிந்து அந்தக் கையின்மேல் மெல்ல ஊதினாள்.