ஒத்தின் சுருதி

மார்கழிப் பனி மெல்ல இறங்கி, ஊரையே திரையிட்ட சன்னிதிபோல் ஆக்கியிருந்தது. பழைய நாகசுர இசைத்தட்டைத் தன் கடையில் இரைச்சல் நீக்கிக் கணினிக்கு மாற்றியிருந்த ஜெரால்டு, "கேளுங்கம்மா, பளிங்கு மாதிரி இருக்கு!" என்றான்.

தட்டைக் கொண்டுவந்திருந்த தையல்நாயகி கேட்டாள். "எங்கப்பாவைக் காணோமே, தம்பி."

"வாசிப்பு அப்படியே இருக்கேம்மா."

"வாசிச்சவர் வேற. பின்னால ஒரே சுருதியை விடாம ஊதின ஒத்துக்காரர்தான் எங்கப்பா."

மாறாத அந்தச் சுருதியை இரைச்சலென்று கணினி கழித்திருந்தது. தட்டின் உறையிலும் அவர் பெயர் இல்லை.

"அவரைக் கூட்டிட்டு வந்தா, பொரி வறுக்கிற மாதிரி தட்டோட கீறல் சத்தமும் கூடவே வருமே!"

"வறுபடட்டும். அப்பா இல்லாம நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

அவன் இசைத்தட்டையே சுழலவிட்டான். கீறல்களுக்கு அடியிலிருந்து ஒத்து எழுந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அது ஓயும்வரை கைகூப்பி நின்றாள்.

"இப்படியே மாத்திக் குடு. நீ நல்லா இருப்பே, சாமி."