சனிக்கிழமை கோலில் யார்?

“அவளை நீக்க மாட்டேன். வேண்டுமானால் என்னை நீக்கிவிட்டு வேறு யாரையாவது வைத்து நடத்துங்கள்!”

றெஜினா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு பிரெஞ்சில் சத்தம் போட்டாள். எதிரே, கல்லூரியின் விளையாட்டுத்துறை இயக்குநர் ஜில்பேர் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

“ஒரே ஒரு ஆட்டம்தானே, றெஜினா? சனிக்கிழமை இறுதிப் போட்டியில் மட்டும் ஜெயனி வெளியில் உட்காரட்டும். மாற்று ஆட்டக்காரி சோபி கோலில் நிற்கட்டும். பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.”

“என்ன விசாரணை? பேர் போட்டு எழுதத் தைரியமில்லாத ஒருவருக்காகவா?”

கடிதத்தில் தட்டச்சு செய்த நாலே வரிகள். பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் பயிற்சியாளர் றெஜினா, தன்னைப் போலவே தமிழ்ப் பெண் என்பதற்காகத்தான் ஜெயனியை எல்லா ஆட்டங்களிலும் கோல் காக்க நிறுத்துகிறார். மற்றவர்களுக்கு வாய்ப்பே இல்லை. இறுதிப் போட்டியிலாவது அவளை விலக்குங்கள். கையெழுத்து இல்லை.

றெஜினாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எட்டு வருடங்கள். மூன்று கிண்ணங்கள். அவள் பொறுப்பேற்றபோது இந்த அணி கடைசி இடத்தில் கிடந்தது. நேர்முகத் தேர்வுக்கு வந்த அன்றைக்கே, வாசலில் நின்ற ஒருவர் அவளைத் துப்புரவு வேலைக்கு வந்தவளென்று நினைத்து வாளி இருக்கும் அறையைக் காட்டியிருந்தார். மன்னாரிலிருந்து பதினொரு வயதில் இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜ் பூங்காவில் உறைந்த தண்ணீரின்மேல், அண்ணனின் பெரிய சறுக்குச் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்துக்கொண்டு சறுக்கப் பழகியவள் அவள். யாரும் அவளுக்கு எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

“ஆண்கள் அணியின் பயிற்சியாளர் தன் தங்கை மகனையே கோலில் நிறுத்துகிறார். எட்டு வருடத்தில் ஒரு கிண்ணமும் இல்லை. அவரைப் பற்றி உங்களுக்குக் கடிதம் வந்ததா?”

ஜில்பேர் கடிதத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார்.

“இந்த வருடம் இருபத்திரண்டு ஆட்டங்கள். பதினெட்டில் வென்றோம். போன செவ்வாய்க்கிழமை அரையிறுதியில் ரப்பர் வட்டு நேராகப் பறந்து வந்து ஜெயனியின் தலைக்கவசத்தில் அடித்தது. விழுந்தாள். எழுந்தாள். கடைசிவரை நின்று ஆட்டத்தைக் காப்பாற்றினாள். அவள் பெயர் இசபெல் என்றிருந்தால் வீராங்கனை என்று கொண்டாடியிருப்பீர்கள். ஜெயனி என்பதால் சலுகையா?”

“நான் அப்படிச் சொல்லவில்லை...”

“சொல்லவும் வேண்டாம். சனிக்கிழமை ஜெயனி விளையாடாவிட்டால் நானும் வரமாட்டேன். என் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து இருக்கும்.”

ஜில்பேர் கடிதத்தை மடித்து அவள் பக்கம் தள்ளினார். “சரி. உங்கள் அணி, உங்கள் முடிவு.”

அதைப் பறித்துக்கொண்டு றெஜினா படியிறங்கினாள். வாதத்தில் வென்றுவிட்ட பிறகும் கோபம் அடங்கவில்லை. இதை எழுதியது சோபியின் தகப்பனாக இருக்கும். இல்லாவிட்டால் போன வருடம் அணியிலிருந்து நீக்கப்பட்டவளின் தாய். யாரென்று தெரியட்டும்!

உடை மாற்றும் அறையில் வெளிச்சம் இல்லை. சுவிட்சைத் தட்டினாள். நீண்ட வாங்குப் பலகையின் மூலையில் ஜெயனி தனியாக உட்கார்ந்திருந்தாள். சட்டென்று இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று றெஜினாவுக்குத் தோன்றியது. செய்தி அதற்குள் இவள் காதுக்கும் வந்துவிட்டதாக்கும்.

“அழாதை பிள்ளை. கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிட்டாய் என்ன?”

“ஓம் அக்கா.” குரல் மெலிந்து வந்தது. “டிரெக்டர் என்ன சொன்னவர்?”

“உன்னை வெளியிலை இருத்தச் சொன்னார். நான் விடுவனே? கிழிச்சுத் தொங்கவிட்டிட்டு வாறன். சனிக்கிழமை நீதான் கோலிலை நிக்கிறாய்.”

ஜெயனியின் முகம் வெளிறியது. “அக்கா, சோபி நிக்கட்டும். எனக்கு ஒரு கவலையும் இல்லை. உண்மையா.”

“இதைத்தான் அவை எதிர்பார்க்கினம்! நாங்கள் பயந்து ஒதுங்கவேணும். உன்ரை வயசிலை நான் ஒருக்கா ஒதுங்கியிருந்தா இண்டைக்கு எங்கை நிண்டிருப்பன், சொல்லு பாப்பம்? எங்களுக்கு ஒண்டுக்கு ரெண்டு மடங்கு நெஞ்சுரம் வேணும்.”

“அக்கா, நான் சொல்லுறதை...”

“நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உனக்காக நான் கதைக்கிறன். இதை எழுதின ஆளைக் கண்டுபிடிச்சு, முழு ரீமுக்கும் முன்னாலை உன்னட்டை மன்னிப்புக் கேக்க வைக்காட்டி நான் றெஜினா இல்லை!”

“தேடாதையுங்கோ, அக்கா.”

“ஏன் தேடக்கூடாது? அநியாயத்தைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுறியோ?”

ஜெயனி வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து, சுவரில் கையை ஊன்றினாள். றெஜினாவின் முகத்தைப் பார்க்க முயன்ற கண்கள் அந்த முகத்துக்குச் சற்றுத் தள்ளியே நின்றன.

“அதை நான்தான் எழுதினனான், அக்கா. செவ்வாய்க்கிழமையிலயிருந்து எல்லாம் எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது. உங்களிட்டை மூண்டு தரம் சொல்லிப் பாத்தன், நீங்கள் கேக்கேல்லை.”