உள்ளங்கை உப்பு

காணாமல்போன மந்தையைத் தேடி அலுத்துப்போயிருந்த ஐலிக்கு, மூடுபனிக்குள் கிளைத்த கொம்புகள் தெரிந்ததும் உயிர் வந்தது. தலைமான்! அது கிடைத்தால் மற்ற பனிமான்கள் தானாகப் பின்னால் வந்துவிடும். சுருக்குக் கயிற்றை வீசினாள். விழுந்து இறுகியது. இழுத்தாள், அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், இலையுதிர்ந்த புதர். அவள் சிறுமியாக இருந்தபோது கணுக்காலுக்கு மேல் எதுவும் முளைக்காத மண் இது. ஆண்டுக்கு ஆண்டு குளிர் குறையக் குறைய, மான்கள் மேயும் வெண்பாசியை மூடிக்கொண்டு இந்தச் சனியன்தான் ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கிறது.

“மாட்டிருச்சா?” கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி பின்னால் நின்ற அண்ணன் நீலாஸ் கத்தினான். அவனுக்குக் கண் தெரியாது.

அவளுக்கு அழுகை முட்டியது. “மாட்டிருச்சுண்ணே.”

“நம்ம வெள்ளநெத்தியா?”

“ஆமா.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

“மெரட்டிராத. அப்படியே பிடிச்சுக்க, நான் வர்றேன்.”

மான் நக்க வருமென்று மடியில் வைத்திருந்த உப்பை உள்ளங்கையில் கொட்டி முன்னால் நீட்டிக்கொண்டு, மறுகையால் கயிற்றைத் தடவித் தடவி, மானைக் கொஞ்சும் குரலில் முனகியபடி அவன் புதரை நோக்கி வந்துகொண்டிருந்தான்.