பார்வையிடும் வரை

அரிவாளோடு நின்றாள்.

சாலையின் குறுக்கே இடுப்பளவு உயரத்துக்கு விழுந்து கிடந்தது தென்னை. அதற்கு அந்தப் பக்கம் ஏழு கார்கள். இந்தப் பக்கம் ஊர். அதாவது, புயல் விட்டுவைத்த அளவுக்கு.

நடுக் காரிலிருந்து அமைச்சர் இறங்கினார். வேட்டி வெள்ளை. செருப்பும் வெள்ளை. சேறு தன் வழக்கப்படி கறுப்பு.

அவள் வீட்டின் மேலும் ஒரு தென்னை கிடந்தது. ஐந்து நாளாக. கூரையின் முதுகை ஒடித்துப் படுத்திருந்தது. மிச்சம் நிற்கிற ஒரே மூலையில் மகளும், பிறந்து ஒன்பது நாளான குழந்தையும்.

நிவாரணத் தார்ப்பாய் மடிப்புக் கலையாமல் இருந்தது. மரம் நகர்ந்தால்தானே விரிக்க?

நகர்த்தக் கூடாது.

அமைச்சர் வந்து பார்வையிடும் வரை விழுந்த மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே அதிகாரி ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார். வைத்தால், சேதமே இல்லை என்று எழுதிவிடுவாராம்.

நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது. அதற்கு இந்த உத்தரவு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இப்போது கிழக்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால் தாம் மலைபோல் நிற்பதாகத் தொடங்கினார்.

மரத்தைத் தாண்ட முடியாததால் அங்கேயே நின்றார்.

அதிகாரி பல்லைக் கடித்தார்.

"அரிவாள வச்சுக்கிட்டு என்னம்மா வேடிக்கை? வெட்டு. ஐயா உள்ள வரணும்ல?"

"ஐயா பாக்குற வரைக்கும் மரத்தத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

கூட்டத்தில் சிலருக்குப் பல் தெரிந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

கேமராக்கள் அமைச்சரிடம் திரும்பின. அவர் எங்கிருந்தோ பெருந்தன்மையை வரவழைத்துக்கொண்டார்.

"பாத்துட்டேம்மா. ஊர்ல விழுந்த அத்தன மரத்தையும் பாத்த மாதிரிதான். வெட்டுங்க."

அவள் அதிகாரியைப் பார்த்தாள்.

"எழுதிக்கிடுங்க, சார்."

அவர் எழுதி முடிக்கும் வரை நகரவில்லை. பிறகு திரும்பி நடந்தாள்.

அரிவாள் வைத்திருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

முதல் வெட்டு அவள் கூரையிலிருந்து கேட்டது. அடுத்தது பக்கத்து வீட்டில். பிறகு தெரு நெடுக.

சாலையில் மட்டும் சத்தமில்லை.

அமைச்சர் மரத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.