நாலு மாதம் தூங்கிய கட்டுரை

லினெட்டுக்கு நடந்தது அநியாயம். அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை இதழுக்கு அனுப்பாமல் நாலு மாதமாக மேசையில் போட்டு வைத்திருந்தார் அவளுடைய கைடு விஜயராகவன்.

கேட்டால் ஒரே பதில். "பொறும்மா."

"எதுக்குப் பொறுக்கணும்?" பல்கலைக்கழக கேன்டீனில் பொரிந்தாள் கூடப் படிக்கும் கலைவாணி. "ஃபிரான்ஸ் வேலைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டுரை அனுப்பினதுக்கு அத்தாட்சி இல்லாம உன் அப்ளிகேஷனை எவன்டி பிரிச்சுப் பார்ப்பான்?"

"அவருக்கு எங்க எரியுதுன்னு எனக்குத் தெரியும்டி," என்றாள் லினெட்.

தெரியாதா பின்னே? நட்சத்திரம் ஊதித் தள்ளுகிற காற்றில் தூசி இருக்கிறது. தூசியில் மின்னூட்டம் இருக்கிறது. அந்த மின்னூட்டம் மாறாது, அதனால் அங்கே மின்னேறிய வாயுவில் எழும் பிளாஸ்மா அலைகள் ரொம்ப தூரம் போகும் என்று இருபது வருஷத்துக்கு முன்பு எழுதிப் பேர் வாங்கியவர் விஜயராகவன். இல்லை, அலை கடக்கும்போதே தூசியின் மின்னூட்டம் கூடிக் குறைகிறது, அதிலேயே அலை சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவள் லினெட். 'விஜயராகவனின் முடிவு தவறு' என்று பேர் போட்டே எழுதியிருந்தாள்.

"பெரிய மனுஷன்னா தப்பை ஒத்துக்கக் கூடாதா? டீனுக்கு எழுதுடி. நானும் கையெழுத்துப் போடறேன்."

எழுதினார்கள். ரெண்டு பக்கம்.

புதன்கிழமை காலை உப்பளம் ஏரியாவில் இருக்கும் வீட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, நேராக அவர் அறைக்குள் நுழைந்தாள் லினெட்.

"சார், இது டீனுக்குப் போற புகார். முதுகுக்குப் பின்னால குடுத்து எனக்குப் பழக்கமில்ல. நீங்க படிச்சதும் குடுத்துடுவேன்."

விஜயராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"நல்லாதான் வாதாடியிருக்க. ஆனா நாலு மாசம் இல்ல, நாலு மாசம் ஒன்பது நாள். திருத்திக்கோ."

"கிண்டல் பண்ணாதீங்க சார். என் பேப்பர் உங்களைத் தப்புன்னு சொல்லுது. அதானே வலிக்குது?"

"வலிச்சுது. முதல் ரெண்டு நாள்."

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். அவருடைய பழைய கட்டுரையை வெளியிட்ட இதழிலிருந்து அன்று காலை வந்த கடிதம். 'தாங்கள் கேட்டுக்கொண்டபடி, தங்கள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்துவிட்டோம்.' அவர் கேட்ட தேதி நாலு மாதத்துக்கு முன்னால் இருந்தது.

"இவ்வளவு நாள் இழுத்தடிச்சாங்க. உன்னோடதை இப்பதான் அனுப்பினேன். அத்தாட்சி உன் மெயில்ல இருக்கும், பாரு."

லினெட் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"பாவம் பார்த்து, 'முடிவு தவறு'ங்கற வரியிலேருந்து என் பேரை எடுத்திருப்ப."

அப்போதும் அவளால் விட முடியவில்லை. "நீங்களா எதுக்கு சார் வாபஸ் வாங்கணும்? என் பேப்பர் வந்தா தானா தெரிஞ்சிருக்குமே?"

"உன் பேப்பரைச் சரிபார்க்கப் போறவங்க எல்லாரும் என் பேப்பரை நம்பி எழுதினவங்கம்மா. கைடையே எதிர்த்து எழுதற திமிர் பிடிச்ச பொண்ணுன்னு உன்னைக் குதறியிருப்பாங்க. இனிமே குதறணும்னா, முதல்ல என்னைக் குதறட்டும்."