ஓதிக் காட்டு!

கொழும்புத்துறை வீதியில் இந்திய ஆமிக்காரர்கள் தமிழ்ப் பொடியன்களைப் பிடித்து ட்ரக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பந்து விளையாட ஒரே சைக்கிளில் போன பதினைந்து வயதுக் கூட்டாளிகள் இருவரும் அவர்களிடம் மாட்டிக்கொண்டார்கள்.

“நாங்கள் முஸ்லிம் ஆக்கள், சேர்,” என்றான் நெட்டையன். “இவன் என்ரை சாச்சாவின்ரை மகன்.”

சிப்பாய் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். “நானும் மேலப்பாளையத்து முஸ்லிம்தாம்ல. குர்ஆன்ல முதல் சூரா, அல்ஹம்து ஓதிக் காட்டுங்க.”

நெட்டையன் கண்களை மூடிக்கொண்டு ஓதினான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி ஓதினான். சிப்பாயின் துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது.

“மாஷா அல்லாஹ்! இப்ப நீ ஓது.”

குட்டையனுக்கு, ஓதத் தொடங்கும் பிஸ்மிக்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

“இவன் முஸ்லிம் இல்ல. ஏத்துங்க ட்ரக்குல!”

நெட்டையன் குறுக்கே பாய்ந்தான். “அவனை ஏத்தினால் என்னையும் ஏத்துங்கோ, சேர். பயத்திலை மறந்துபோனான். அவன் முஸ்லிம்தான், அல்லா மேலை ஆணை!”

சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டினான். “சரி, ஓடிப்போங்கடா!”

சந்தி திரும்பிய பிறகுதான் குட்டையனுக்குப் பேச்சு வந்தது. “எப்பிடியடா பாடமாக்கினனீ?”

“பள்ளிவாசலிலை நீ ஓதி முடியுமட்டும் பந்தோடை வெளியிலை நிக்கிறவன் நான்தானே, நவ்பர்!”

விவரம் தெரிந்த நாள்முதல் தான் ஓதிவரும் சூரா இவ்வளவு அழகானது என்பதை, குகதாசனின் வாயிலிருந்து கேட்டபோதுதான் நவ்பர் அறிந்துகொண்டான்.